தொண்டையில் கசந்த சொட்டு

டாக்டர் ரஹ்மத் நிஷாவை அடக்கம் செய்த மறுநாளே, அவர் சொல்லாத ஒரு வாக்கியத்தை அவர் சொன்னதாக அறிவித்துவிட்டார்கள். அறிவித்தவர் நானும் ரஹ்மத் அக்காவும் வேலை செய்த மருந்து நிறுவனத்தின் திட்டத் தலைவர், டாக்டர் குணசேகரன். எனக்கு இதில் சந்தேகம் ஏதும் இல்லை. சந்தேகம் மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது.

செய்தி வந்த காலையில் நான் பினாங்கின் பத்து காவான் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் இருந்தேன். உள்ளே கைபேசி கொண்டுபோகக் கூடாது. வரவேற்பில் இருக்கும் பெண் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, தன் கைபேசியைக் கண்ணாடியில் அழுத்திக் காட்டினார். ரஹ்மத் அக்காவின் தம்பி யூசுப் அண்ணன் அனுப்பியிருந்தார். “அக்கா மௌத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டு உக்காந்தவங்க எந்திரிக்கல. அசருக்கு முன்னாடி அடக்கம்.” மாரடைப்பு. ஐம்பதைத் தொடாத வயது. நான் கையுறையைக் கழற்றாமலே வெளியே நடந்தேன். பின்னால் இயந்திரம் தன் பாட்டுக்கு அளந்துகொண்டிருந்தது.

ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, நிறுவனம் அனுப்பிய மலர் வளையம் எனக்கு முன்பே வந்திருந்தது. ஆள் உயரம். நடுவில் நிறுவனத்தின் முத்திரை. முஸ்லிம் மௌத் வீட்டுக்கு யாரும் மலர் வளையம் அனுப்புவதில்லை என்பதை இத்தனை வருடம் அவரோடு சாப்பிட்டவர்களில் ஒருவராவது சொல்லியிருக்கலாம். யூசுப் அண்ணன் மரியாதையாக வாங்கி, கார் நிறுத்துமிடத்தில் செருப்புகளுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். “கோவிச்சுக்காத தம்பி, அவங்களுக்குத் தெரியல லா,” என்றார். எனக்குக் கோபம்தான். தெரியாதது தவறில்லை. கேட்காமல் விட்டதுதான் தவறு. இந்த வரியை நான் சொல்லவில்லை, அக்கா சொல்லியிருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் குரல் நினைவிருக்கும். யார் எதைச் சொன்னாலும் முதலில் வருவது ஒரே கேள்வி. “கேட்டீங்களா, நெனச்சீங்களா?” மின்சாரம் போகப்போகிறது என்று சொன்னாலும் அதுதான். மீ கோரேங் நூடுல்ஸ் கடை இன்று மூடியிருக்கிறது என்று சொன்னாலும் அதுதான். நேரில் கேட்டு உறுதி செய்தீர்களா, அல்லது நீங்களாகவே நினைத்துக்கொண்டீர்களா? பலருக்கு அது எரிச்சல். சிலர் அவருக்கு ‘போலீஸ் அக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் போயிருந்தது. “போலீஸ்னா காசு வாங்கிட்டு விட்டுருவேன். நான் விடமாட்டேன் லா,” என்று சிரித்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவரை நம்பவில்லை. நிறுவனத்தின் எல்லாச் சுவரொட்டியிலும் அவர் முகம் இருந்தது. தலையில் முக்காடு, வெள்ளை மேலங்கி, கையில் சிறு குப்பி, பின்னால் பினாங்குப் பாலம். இந்தியர், முஸ்லிம், பெண். ஒரே படத்தில் மூன்று பெருமை. இப்படிப்பட்ட படத்தில் நிற்பவர் நிர்வாகத்தின் ஆளாகத்தான் இருப்பார் என்று முடிவு கட்டியிருந்தேன். சேர்ந்த மாதமே ஓர் அளவீட்டின் முடிவை அவரிடம் கொண்டுபோனேன். மருந்துத் துகள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதாகக் காட்டும் அழகான வளைகோடு. பாராட்டை எதிர்பார்த்தேன். அவர் திரையை ஒரு முறை பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “ரொம்ப நல்லா வந்திருக்கே தம்பி. அப்ப பயப்படணும். கழுவிட்டு மறுபடியும் போடு.” கழுவிவிட்டு மறுபடியும் போட்டேன். அவ்வளவு அழகாக வரவில்லை. அவர் முகத்தில் அப்போதுதான் நிம்மதி. அன்றைக்குத்தான் என் சந்தேகம் அவரை விட்டு நகர்ந்தது.

எங்கள் வேலை என்ன என்று என் அம்மாவுக்கே நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. அக்கா சொல்வார். கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டால் அதில் பெரும்பகுதி வீண். இமைத்த இமைப்பில், ஊறிய கண்ணீரில் கழுவப்பட்டு வெளியே போய்விடும். மீதியில் பாதி, கண்ணின் ஓரத்தில் இருக்கும் சிறு துளை வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கிவிடும். “கண்ணு இருக்கே, அது சரியான ஜாகா,” என்பார். காவலாளியை இங்கே நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம். “யார் வந்தாலும் தொரத்திரும். அதோட வேலையே அதுதான். நாம மருந்தை ரொம்பப் பொடிசா, கண்ணுக்கே தெரியாத உருண்டையாக்கி, அது மேல ஒட்டுற மாதிரி ஒண்ணைப் பூசி அனுப்புறோம். கேட்டைப் புடிச்சிக்கிட்டு நிக்கணும். நின்னு கொஞ்சம் கொஞ்சமா மருந்தை உள்ள விடணும்.” அந்த உருண்டைகளைத்தான் நானோ துகள்கள் என்கிறோம். அப்படி நின்றுவிட்டால், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் காலையும் மாலையும் மருந்து விட வேண்டியதில்லை. ஒரு வேளை போதும். அந்த நோயில் மருந்தை மறந்தால் பார்வை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வரும். போன பார்வை திரும்ப வராது.

துகளின் மேல் பூசும் அந்த ஒட்டும் பொருள் கைட்டோசான். இறால் ஓட்டிலிருந்து எடுப்பது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம் வந்தபோது, ஆள் சேர்க்க டாக்டர் குணசேகரன் பட்டர்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கே இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்தி, ஏற்கெனவே கண் அழுத்த நோய்க்கு அரசாங்க மருந்து போட்டுக்கொண்டிருந்தவர்களைச் சேர்த்தார். ஏன் அங்கே என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் பக்கத்தில் இருந்த என் காதிலும் விழுந்தது. “நம்ம ஆளுங்க நல்லா ஒத்துழைப்பாங்க. ரொம்பக் கேள்வி கேக்க மாட்டாங்க.” அவரும் நம்ம ஆள்தான். அவர் படம் தமிழ்ப் பத்திரிகையில் வரும்போதெல்லாம் என் அம்மா வெட்டி வைப்பார்.

ஒருவர் கேள்வி கேட்டார். பட்டர்வொர்த்தின் மாக் மண்டின் பகுதியில், எங்கள் அடுக்குமாடியில் எனக்கு மேல்மாடியில் இருக்கும் பத்மாக்கா. இளம் வயதில் பாலம் தாண்டித் தீவிலுள்ள மின்னணுத் தொழிற்சாலைக்குப் போய், உருப்பெருக்கியில் கண்ணை வைத்து முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டிக்கொண்டிருந்தவர். அந்த வேலைக்கும் கண் அழுத்த நோய்க்கும் தொடர்பில்லை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பத்மாக்கா நம்பவில்லை. நானும் முழுதாக நம்பவில்லை. விளக்கக் கூட்டத்தில் தமிழில் பேச ஆள் வேண்டும் என்று ரஹ்மத் அக்காவை அனுப்பியிருந்தார்கள். பத்மாக்கா கையைத் தூக்கினார்.

“ஏம்மா, இதுல என்னதான் சேத்திருக்கீங்க?”

“மருந்து பழைய மருந்துதான் அக்கா. அது ஒட்டி நிக்கிறதுக்கு இறால் ஓட்டுலேருந்து எடுத்த ஒரு பொருள் சேத்திருக்கோம். யாருக்காவது இறால் சாப்பிட்டா ஒத்துக்காதுன்னா இப்பவே சொல்லிருங்க.”

“இறாலா!” என்று பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். “அப்ப கண்ணுல மிளகாச் சம்பலையும் சேத்து விட்டுருங்க லா!” மண்டபமே சிரித்தது. அக்காவும் சிரித்தார். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். திரும்பி வரும்போது காரில் டாக்டர் குணசேகரன் அவரைக் கடிந்துகொண்டார். தாளில் கைட்டோசான் என்று அச்சடித்திருக்கிறதே, இறால் என்று ஏன் உடைத்துச் சொன்னீர்கள் என்று. “தாளுக்கு ஒவ்வாமை வராது டாக்டர்,” என்றார் அக்கா.

அந்தச் சோதனை தைப்பூசத்தையும் தாண்டி, ரமலானையும் தாண்டி ஓட வேண்டியது. ரமலானுக்காக நிறுவனம் எவ்வளவு யோசித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். கண் சொட்டு நோன்பை முறிக்குமா என்று மார்க்க அறிஞர்களிடம் கேட்டார்கள். சொட்டு விடும் நேரத்தை நோன்பு திறந்த பிறகு என்று மாற்றி வைத்தார்கள். நல்ல காரியம். குழுவில் இருந்த முஸ்லிம்கள் மிகச் சிலர். மீதிப் பேரைக் கோயில் மண்டபத்திலிருந்து எடுத்தோம். தைப்பூச விரதம் என்ற சொல் ஒரு கூட்டத்திலும் யார் வாயிலும் வரவில்லை. மேசையைச் சுற்றி முருகனுக்குக் காவடி எடுத்தவர்களே இரண்டு பேர் இருந்தார்கள்.

தொடக்க வாரங்களில் சொட்டு கண்ணை எரிக்கிறது, சிவக்கிறது என்று புகார்கள் வந்தன. துகளை இன்னும் சின்னதாக்கிப் புதிய மருந்து தயாரித்து, ஆங்கிலப் புத்தாண்டு பிறந்ததும் கொடுத்தோம். துகள் சின்னதானது உண்மை. அளந்தவன் நான். அதற்குப் பிறகு புகார்கள் நின்றுவிட்டன. ஒருவருக்கும் எரியவில்லை, ஒருவருக்கும் சிவக்கவில்லை, கண் அழுத்தமும் கட்டுக்குள். திருப்பி வாங்கிய போத்தல்களில் மருந்து சரியான அளவு குறைந்திருந்தது. டாக்டர் குணசேகரன் கேக் வாங்கி வரச் செய்தார். அக்கா தன் துண்டைத் தட்டில் அப்படியே வைத்துவிட்டு முடிவுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாப்பிடுங்க அக்கா, ஹலால் கேக்தான்,” என்றேன்.

“ஒருத்தருக்குக்கூடவா எரியல?” என்றார். “உனக்குச் சோப்பு பட்டா எரியுமா எரியாதா? மனுஷக் கண்ணுதான தம்பி அது? யாராவது அவங்ககிட்டக் கேட்டாங்களா, இல்ல நெனச்சிக்கிட்டோமா?”

கேள்வித்தாளில் எரிச்சல் உண்டா, சிவப்பு உண்டா, அரிப்பு உண்டா என்று கேட்டிருந்தார்கள். இல்லை, இல்லை, இல்லை என்று பதில் வந்திருந்தது. அது கேட்டதாகாது என்றார் அக்கா. சில நாள் கழித்து, வேலை முடிந்து நான் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது வந்து நின்றார். “உங்க மேல்மாடி அக்கா வீட்டுல டீ கிடைக்குமா?” நோயாளி வீட்டுக்குப் போவது சோதனை விதிகளுக்கு விரோதம் என்று எனக்குத் தெரியும். என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். போனோம்.

பத்மாக்கா டீ போட்டார், பிஸ்கட் எடுத்து வைத்தார், வெயிலைப் பற்றிப் பேசினார். ரஹ்மத் அக்கா மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்துவிட்டு, “இந்த வருஷம் தைப்பூசத்துக்குத் தண்ணிமலைக்குப் போனீங்களாக்கா?” என்றார்.

“பால்குடம் எடுத்தேன்மா. படி ஏறத்தான் மூட்டு வலி.”

“விரதம் எல்லாம் எப்படி? நாங்க நோன்பு வைக்கிறப்போ மாத்திரை, மருந்து எல்லாம் பெரிய ரோதனை. நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?”

பத்மாக்கா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.”

“கோவிக்க மாட்டேன்.”

“விரதம் ஆரம்பிச்சதும் உங்க சொட்டை விட்டுட்டேன்மா. நீங்கதான இறால்னு சொன்னீங்க. கண்ணுலதான விடறோம், வாயிலயா போடறோம்னு மனசுக்குச் சொல்லித்தான் பாத்தேன். ஆனா விட்டுக் கொஞ்ச நேரத்துல தொண்டைக்கு வந்துருது லா. கசக்குது. சாமி கும்புடுறப்போ தொண்டையில இறால்னு நெனச்சா எப்படிம்மா?”

“அப்ப கண்ணுக்கு ஒண்ணும் போடலையா?” அக்காவின் குரல் மாறியது.

“ஐயோ, போடாம இருப்பேனா? பழைய கிளினிக் மருந்து வீட்டுல இருந்துச்சு. அதைக் காலையில, சாயங்காலம் போட்டேன்.” குளிர்பெட்டிக் கதவைத் திறந்து காட்டினார். தக்காளி சாஸுக்குப் பக்கத்தில் அந்தப் போத்தல் நின்றது. “உங்களோடதைத் தினம் ஒரு சொட்டு சிங்க்ல விட்டுருவேன். போத்தல் நெறைஞ்சே இருந்தா உங்களுக்குச் சங்கடமா இருக்குமே. நான் மட்டும் இல்ல, கோயில்ல எல்லாரும் பேசி வச்சித்தான் செஞ்சோம். பெரியவர் ஒருத்தர் கீழ ஊத்துறதே பாவம்னு மல்லிச் செடிக்கு விட்டாராம்.”

மரியாதைக்காகச் செய்திருக்கிறார்கள். எங்கள் மனம் நோகக் கூடாது என்று, எங்கள் மருந்தைச் சிங்குக்கும் மல்லிச் செடிக்கும் விட்டிருக்கிறார்கள். எரிச்சல் இல்லை, சிவப்பு இல்லை, அழுத்தம் கட்டுக்குள் என்று நாங்கள் கேக் வெட்டிக் கொண்டாடியது முழுவதும் கிளினிக்கின் பழைய சொட்டு செய்த வேலை.

நான் தலையில் கை வைத்தேன். ரஹ்மத் அக்காவின் யோசனை அதற்குள் வேறோர் இடத்துக்குப் போய்விட்டிருந்தது. “அக்கா, ஒண்ணு சொல்லுங்க. எங்க சொட்டும் தொண்டையில கசந்துச்சா? கிளினிக் மருந்து மாதிரியேவா?”

“அதே கசப்புதான்மா. இன்னும் கொஞ்சம் கூடன்னே சொல்லலாம்.”

“புதுப் போத்தல்லயுமா?”

“விரதத்துக்கு முன்னாடி ரெண்டு நாள் விட்டேனே. அதுலயும்தான்.”

படியில் இறங்கும்போது அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். “தொண்டைக்குப் போகுதுன்னா கண்ணுல நிக்கலன்னு அர்த்தம் தம்பி. கேட்டைப் புடிச்சிக்கிட்டு நிக்கவே இல்ல. நாம எரிச்சலைக் கேட்டோம், சிவப்பைக் கேட்டோம். தொண்டை கசந்துச்சான்னு ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல.” இன்னொரு படி இறங்கி, “ரமலானுக்கு அவ்ளோ யோசிச்ச எனக்கு, விரதம்னு ஒண்ணு இருக்கிறதே ஞாபகம் வரல பாரு,” என்றார். தன்னையும் விசாரிக்காமல் விடமாட்டார்.

ஒருவர் தொண்டையில் கசந்தது ஒரு மருந்தைத் தள்ளிவிடப் போதாது. அக்காவுக்கு அது தெரியும். அவர் கேட்டது சிறிய காரியம்தான். அடுத்து நடந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். விரதம் நடந்த வாரங்களின் முடிவுகளைத் தனியே ஒதுக்குங்கள், ஏன் ஒதுக்கினோம் என்று எழுதுங்கள், எல்லாரிடமும் திரும்பப் போய்க் கேளுங்கள், அதுவரை அடுத்த கட்டம் வேண்டாம் என்றார். இந்தக் கட்டத்தில் பழைய மருந்தை நிறுத்தச் சொன்னாலும் போத்தல் நோயாளிகள் வீட்டிலேயே இருந்தது. அடுத்த கட்டத்தில் கைவசம் ஒரு பழைய போத்தலும் இருக்காது, திருப்பி வாங்கிக்கொள்வார்கள். எங்கள் சொட்டு கண்ணில் நிற்கவில்லை என்றால், அவர்கள் பார்வையும் நிற்காது.

டாக்டர் குணசேகரன் மருந்தைப் பற்றிப் பேசவில்லை. “நீங்க நோயாளி வீட்டுக்குப் போனது விதிமீறல், ரஹ்மத்.”

“விதிமீறல்தான். எழுதிக்குங்க,” என்றார் அக்கா. “அவங்க சொட்டைச் சிங்க்ல விட்டாங்கங்கிறதையும் எழுதுங்க. ரெண்டையும் எழுதுங்க.”

ஒன்றை மட்டும் எழுதினார்கள். அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை என்னிடம் காட்டி, “பாரு, என்னையப் பத்தி யாரும் கேக்காமலே நெனச்சிட்டாங்க,” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே இறந்துபோனார். அந்தக் கடிதம் கொன்றது என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது. அவர் அத்தாவும் இப்படித்தான் போனார் என்று யூசுப் அண்ணன் சொன்னார்.

தெரிந்ததை எழுதுகிறேன். அடக்கத்துக்கு மறுநாள் நிறுவனத்தின் உணவுக்கூடத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. பெரிய படம், அதே பாலம், அதே குப்பி. டாக்டர் குணசேகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் உண்மையாகவே இருக்கலாம். பிறகு, ரஹ்மத் கடைசியாகத் தன்னிடம் தொலைபேசியில் சொன்னதாக ஒரு வாக்கியத்தை வாசித்தார். “இந்தச் சொட்டு தயார். என் மக்களின் கண்களை நம்பி இதனிடம் ஒப்படைப்பேன்.” எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் எழுந்தது கேட்பதற்காக.

“டாக்டர், எப்ப சொன்னாங்க?”

“தம்பி, இது அதுக்கான நேரம் இல்ல.”

“கேட்டீங்களா, நெனச்சீங்களா?”

யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பணியாளர் ஒருவர் கரிபாப் பலகாரத் தட்டோடு என் முன்னால் வந்து நின்றார். எல்லாரும் கலைந்து சாப்பிடப் போனார்கள்.

அடுத்த நாள் அந்த வாக்கியம் அக்காவின் படத்தோடு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் வந்தது. அதற்கடுத்த நாள் தமிழ்ப் பத்திரிகையில் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பிரதியை அக்கா வீட்டுக்கும் கொடுத்து அனுப்பினார்கள். நான் போயிருந்தபோது யூசுப் அண்ணன் அதை என் கையில் கொடுத்தார். அவருக்கு ஆறுதலாக இருக்கும், நான் ஏன் கெடுக்க வேண்டும் என்று சும்மா இருந்தேன். அவராகவே பேசினார். “எங்க அக்கா எதைத் தயார்னு சொன்னா? மீன் ஆணம் கொதிச்சு இறக்கி வச்சாக்கூட, ‘இன்னும் கொஞ்சம் பாக்கலாம்’பா. நாங்க பசியில கெடப்போம். இவ தயார்னு சொன்னாளாம்.” சட்டத்தைத் திரும்ப வாங்கி வெளியே கொண்டுபோய், வாடிப்போன மலர் வளையத்தின் கம்பிக்குப் பக்கத்தில், முகம் சுவரைப் பார்க்க வைத்தார்.

வீட்டில் அவருக்கு வயிற்றெரிச்சல். வெளியே அதைவிடப் பெரிய காரியம் நடந்துகொண்டிருக்கிறது. போன வாரம் பத்மாக்கா படியில் என்னை நிறுத்தினார். அடுத்த கட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். வருகிற திங்கட்கிழமை கையெழுத்து. பழைய மருந்தையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

“ரஹ்மத் அம்மாவே சரின்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காங்களாமே? அவங்க பொய் சொல்ல மாட்டாங்க தம்பி. இறாலையே மறைக்காம சொன்னவங்க. அவங்க சொன்னா நான் கண்ண மூடிக்கிட்டுப் போடுவேன்.”

“அக்கா, அவங்க அப்படிச் சொல்லல. வேணாம்னுதான் சொன்னாங்க. நான் அங்கதான் இருந்தேன்.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “உனக்கு அந்த டாக்டரோட ஏதோ மனஸ்தாபம். பேப்பர்ல படத்தோட போட்டிருக்கான். டாக்டரே சொல்றாரு. நீ இதுல தலையிட்டு வேலையக் கெடுத்துக்காத.”

ரஹ்மத் அக்கா உண்மையைச் சொன்னதால் பத்மாக்காவுக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கையைத்தான் இப்போது எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். உயிரோடு இருந்தபோது அவரிடமிருந்து வாங்க முடியாத ஒரு சம்மதத்தை அவர் போனபிறகு எடுத்துக்கொண்டார்கள். சோதனைகளை மேற்பார்வையிடும் குழுவுக்கு எழுதினேன். கிடைத்தது என்ற பதில்கூட வரவில்லை. அடுத்த மாதம் எனக்கு அங்கே வேலை இருக்குமா என்று தெரியாது. நம் சமுதாயத்திலிருந்து மேலே போன ஒருவரைப் பத்திரிகையில் இழுப்பதா என்று சிலர் கேட்பார்கள். அவர் யாரை மிதித்து மேலே போகிறார் என்று நான் கேட்கிறேன். மாக் மண்டின் மாடிகளில் இருப்பவர்கள் ஒத்துழைப்பார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நினைத்துத்தான் இத்தனையும் தொடங்கியது.

அக்காவுடையது என்று என்னிடம் ஒரு பொருளும் இல்லை. அவர் மேசையை உடனே காலி செய்துவிட்டார்கள். நல்ல முடிவு வந்தால் பயப்படுவது, அழகான வளைகோட்டைக் கழுவிவிட்டு மறுபடியும் போடுவது, தன்னையும் சேர்த்து விசாரிப்பது, இவற்றையெல்லாம் நான் இன்னும் முழுதாகப் பழகவில்லை. ஒரு கேள்வியை மட்டும் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். அதை நேரில் கேட்டேன், கரிபாப் வந்தது. மின்னஞ்சலில் கேட்டேன், ஒன்றும் வரவில்லை. அவரை அறிந்தவர்கள் எல்லாரும் பார்க்க, இங்கே பத்திரிகையிலேயே கேட்கிறேன்.

டாக்டர் குணசேகரன், ரஹ்மத் நிஷா அந்த வாக்கியத்தை எப்போது சொன்னார்? திங்கட்கிழமைக்கு முன்னால் மாக் மண்டினுக்கு வாருங்கள். மேல்மாடிதான், மின்தூக்கி வேலை செய்யாது, படியேறி வாருங்கள். பத்மாக்கா டீ தருவார். குடித்துவிட்டு, அது ரஹ்மத் நிஷா சொன்னதல்ல என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.